போர்டு ஒத்துக்கல, மாப்பிள்ளை

மின்விசிறி செய்யும் கம்பெனிதான், ஆனால் அதன் போர்டு ரூமில் மின்விசிறி ஓடாது. ஓடினால் காகிதம் பறக்கும். அதனால் ஏசி வைத்திருந்தார்கள். அந்த ஏசியும் ஒரு மூலையில் சொட்டும், கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி நிற்கும். டைரக்டர்கள் ஐந்து பேர், ஆறாவது வாளி என்று கம்பெனி செக்ரட்டரி மனதுக்குள் கணக்கு வைத்திருந்தாள். கூட்டத்தில் அவ்வப்போது ஏதாவது சத்தம் கொடுப்பது அந்த ஆறாவது ஆள் மட்டும்தான்.

பல வருடமாக அவள்தான் அங்கே செக்ரட்டரி. போர்டு கூட்டத்தைக் கூட்டுவது, நடப்பது சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது, எடுத்த முடிவைப் பங்குச்சந்தைக்கு உடனே அறிவிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அறிவிப்பு அவள் பெயரில், அவள் கையெழுத்தோடு போகும். அதில் ஒரு வரி பொய் என்று ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். லைசென்ஸ் போய்விட்டால் இந்தக் கம்பெனி மட்டுமில்லை, எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது.

ஆனால் இத்தனை வருடத்தில் அவள் அதற்குப் பயந்ததே இல்லை. பயப்பட என்ன இருந்தது? முடிவுகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே சேர்மன் வீட்டு ஹாலில் எடுத்தாகிவிடும். சேர்மனைக் கம்பெனியில் எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவரும் அவர் தம்பியும் பேசி முடிப்பார்கள். போர்டு ரூமில் மிச்சம் இருப்பது தலையாட்டல் மட்டும்தான், அதையும் பெரியவர் யாரிடமும் கேட்பதில்லை. விஷயத்தை வாசிப்பார், மேசையை ஒரு சுற்றுப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேசைக் கண்ணாடியில் டொக்கென்று தட்டுவார். தட்டினால் நிறைவேறியது என்று அர்த்தம்.

இந்த டொக்கை நம்பித்தான் செக்ரட்டரி ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அறிவிப்பை முதல் நாளே தட்டச்சு செய்து ஏற்றி வைத்துவிடுவாள். கடைசி விஷயத்துக்கு டொக் விழுந்ததும் மடிக்கணினியில் பொத்தானை அழுத்துவாள். அந்தக் கட்டடத்து இணையம் ஆமை வேகம், போய்ச் சேர அதுபாட்டுக்கு நேரம் எடுக்கும். பெரியவருக்கோ நம் அறிவிப்புதான் முதலில் வரவேண்டும் என்பதில் ஒரு பெருமை. கூட்டம் முடிந்தபிறகு அனுப்பவேண்டியதை முடியுமுன்னே அனுப்புவது தப்பு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தினம் போகிற பாதையில் யார் குனிந்து பார்த்து நடக்கிறார்கள்?

அன்றைக்குக் கடைசி விஷயம் மாப்பிள்ளையின் கிடங்கு.

பெரியவருக்கு ஒரே மகள். அவள் கணவர் ஆழம் தெரியாமல் காலை விட்ட தொழில், காய்கறியும் பழமும் கெடாமல் வைக்கிற குளிர் கிடங்கு. கட்டிய நாளிலிருந்து நஷ்டம். இப்போது அந்தக் கிடங்கை மாமனாரின் கம்பெனி நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இதுவொன்றும் புதுசில்லை. அட்டைப்பெட்டி வாங்குவது தம்பியின் மைத்துனரிடம், ஆபீஸ் கட்டடத்துக்கு வாடகை கொடுப்பது பெரியவரின் மனைவிக்கு. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு டொக் விழுந்திருக்கிறது.

கம்பெனி நல்ல கம்பெனி. ஃபேன் விற்கிறது, லாபம் வருகிறது. பங்கு விலை மட்டும் படுத்த மாடு மாதிரி கிடந்தது, வாலை முறுக்கினாலும் எழுந்திருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரியவர் அவளைக் கேட்பார்: "லாபம் வருது, ஆர்டர் வருது. விலை மட்டும் ஏம்மா ஏற மாட்டேங்குது?" அவளுக்குப் பதில் தெரியும். "மார்க்கெட்டே சரியில்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். பெரிய வீட்டு விவகாரம், நமக்கு எதற்கு வம்பு?

பெரியவர் மாப்பிள்ளை கம்பெனியின் பெயரை வாசித்தார், விலையை வாசித்தார். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. மேசையைச் சுற்றிப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரமே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை.

டொக்.

செக்ரட்டரி பொத்தானை அழுத்தினாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் பேங்க் அம்மா.

பேங்க் அம்மா வெளியாள் டைரக்டர். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள் சிலர் போர்டில் இருக்கவேண்டும், அதில் ஒரு பெண்ணும் வேண்டும் என்று சட்டம் சொன்னதால், பெரியவரின் மனைவியோடு காலையில் நடக்கப் போகிறவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அதிகம் பேசமாட்டார் என்பதுதான் தகுதி. பேங்கில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க, கடன் கேட்டு வந்தவர்களிடம் முகம் கோணாமல் இல்லை சொல்லிச் சம்பளம் வாங்கிய மனுஷி.

"சொல்லுங்கம்மா" என்றார் பெரியவர்.

"நான் இதுக்கு ஒத்துக்கலை."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"எதுக்கு ஒத்துக்கலை?" என்றார் தம்பி. சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் சாலையில் கையைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"கிடங்கு ஆரம்பத்திலிருந்தே நஷ்டம். விலை போட்டது அவங்க ஆடிட்டர். நம்ம பக்கத்திலிருந்து யாரும் போய் ஒரு கதவைக்கூடத் திறந்து பார்க்கலை. காத்து விக்கிறவங்களுக்குக் குளிர் எதுக்குன்னும் எனக்குப் புரியலை. புரியாததுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"குடும்ப விஷயம்மா இது."

"அதைத்தான் நானும் சொல்றேன். குடும்ப விஷயம்னா குடும்பக் காசுல வாங்கிக்கலாமே. சொந்தக்காரங்க விஷயம்கிறதால இதுல உங்க ரெண்டு பேருக்கும் ஓட்டும் கிடையாது. நாங்க மூணு பேரும்தான் சொல்லணும்."

மற்ற இரண்டு வெளியாட்களில் ஒருவர் வக்கீல், ஒருவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். வக்கீல் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி பார்த்தா, எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருந்துது" என்றார். இத்தனை நாள் அந்தச் சந்தேகத்தை எந்தப் பையில் வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. முதல்வர், "நானும் இதை முழுசாப் படிக்கலை, படிக்காம எப்படி" என்று இழுத்தார். அவர் எதையுமே முழுசாகப் படித்ததில்லை, அன்றைக்குத்தான் அது உபயோகப்பட்டது. பூனைக்கு ஒருவர் மணி கட்டிவிட்டால் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள எல்லாரும் வந்துவிடுவார்கள்.

பெரியவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். "அப்ப நிறைவேறலை. எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

செக்ரட்டரியால் எழுந்திருக்க முடியவில்லை. திரையில் பச்சை எழுத்தில் வந்திருந்தது: அறிவிப்பு வெளியிடப்பட்டது. போர்டு ஒருமனதாக ஒப்புதல் அளித்ததாக ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, கீழே அவள் பெயரோடு. கூட்டத்தை அப்போதுதான் நிறுத்தியிருக்க வேண்டும், வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. அப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்தில் யாரோ கியரைப் போட்டுக் கர்ரென்று இழுக்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"இப்ப நீ என்ன பண்ணணும்?" என்றார் அவர்.

"திருத்தம் அனுப்பணும். அனுப்பினா வேலை போயிடும்ங்க. மாப்பிள்ளை விஷயம் இது."

"அனுப்பலேன்னா?"

"அனுப்பலேன்னா பொய் என் பேர்ல நிக்கும்."

"எங்க ஸ்கூல்ல முதல் பாடமே பிரேக்தான். வண்டி ஓட்டுறதெல்லாம் அப்புறம்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்த யாரையோ, "தம்பி, பிரேக், பிரேக்" என்று கத்தினார். போன் துண்டித்துப்போனது.

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனாள்.

அறையில் தம்பியும் இருந்தார். சுவரில் மாட்டிய திரையில் கம்பெனியின் பங்கு விலை சிவப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. படுத்துக் கிடந்த மாடு எழுந்தேவிட்டது, பள்ளத்தைப் பார்த்து ஓடுவதற்கு. "என்னம்மா இது, போர்டு வாங்கமாட்டேன்னுடுச்சு, விலை ஏன் விழுது?" என்றார் தம்பி.

அவள் சொன்னாள். டொக் விழுந்ததும் அழுத்தினதை, அழுத்தின பிறகு நடந்ததை. "தப்பு என்னோடது சார்" என்றாள். தண்ணீர் குடித்தால் தேவலை போலிருந்தது.

தம்பிதான் முதலில் தேறினார். "போனது போகட்டும் அண்ணே. நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்கோ. வெளியில ஒப்புதல்னு போயாச்சு. சாயங்காலத்துக்குள்ள வக்கீலையும் முதல்வரையும் சரிக்கட்டிடலாம், மூணுல ரெண்டு போதும். கூட்டக் குறிப்பை அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கலாம். இப்பப் போய்த் திருத்தம்னு அனுப்பினா, இந்தக் கம்பெனிக்குத் தன் வாய் என்ன பேசுதுன்னே தெரியலைன்னு சிரிப்பாங்க. விலை இன்னும் விழும்."

பெரியவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்ரட்டரிக்கு அந்த நேரத்தில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. தம்பி மேல்கூட இல்லை, தன் மேலேயே. இத்தனை வருடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மார்க்கெட் சரியில்லை என்று சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன தன் வாயின் மேல்.

"சார், விலை விழறதே நாம கிடங்கை வாங்குறோம்னு சொன்னதாலதான்" என்றாள். "நீங்க எப்பவும் கேப்பீங்களே, ஏன் ஏற மாட்டேங்குதுன்னு. இதனாலதான் சார் ஏறலை. அட்டைப்பெட்டி, வாடகை, எல்லாத்தையும் பங்கு வாங்குறவங்க பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க. நான் திருத்தம் அனுப்பப் போறேன். நடக்காததை நடந்ததா என் பேர்ல விட்டுவைக்க என்னால முடியாது. அனுப்பட்டுமா?"

"என்னை ஏன் கேக்குறே?" என்றார் பெரியவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனக்கு அதிகாரம் இருக்குல்ல?"

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. சரி, சீட்டுக் கிழிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தன் அறைக்குப் போய் உட்கார்ந்து எழுதினாள். எழுத நேரமே ஆகவில்லை: முந்தைய அறிவிப்பு தவறுதலாக வெளியானது, கிடங்கை வாங்கும் தீர்மானத்தை வெளியாள் டைரக்டர்கள் மூவரும் நிராகரித்தார்கள், தவறு செக்ரட்டரியுடையது. கடைசிப் பகுதியை எழுதவேண்டிய அவசியம் இல்லை. எழுதினாள். அழுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்தபடி இருந்தாள். இணையம் அன்றைக்கென்று இன்னும் மெதுவாக நகர்ந்தது.

போய்ச் சேர்ந்தது. சந்தையிலிருந்து உடனே ஒரு அதிகாரி போனில் வந்து, கூட்டம் முடியுமுன் அறிவிப்பு அனுப்புவது என்ன பழக்கம் என்று காய்ச்சி எடுத்தார். எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். வாங்கிக்கொண்டாள், அது அவள் சம்பாதித்தது. போனை வைத்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து தன் சாமான்களைப் பார்த்தாள். ஒரு குடை, தைலப் புட்டி, மகளின் பழைய பாஸ்போர்ட் சைஸ் படம். ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

"செக்ரட்டரிம்மா, பெரியவர் கூப்பிடுறார்" என்று பியூன் வந்து நின்றார்.

உள்ளே போனபோது திரை பச்சையாக இருந்தது. அவள் முதலில் வேறு கம்பெனி என்று நினைத்தாள். பக்கத்தில் போய்ப் பெயரைப் படித்தாள். விழுந்ததெல்லாம் திரும்பி வந்து, காலையில் இருந்ததையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"யாரோ வாங்குறாங்க" என்றார் தம்பி, திருடனைக் கண்டவர் மாதிரி.

மேசை மேல் இருந்த போன் பேசிக்கொண்டிருந்தது. பெரியவருக்குக் காது மந்தம், எல்லாரிடமும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பேசியவர் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்துக்காரர். ஃபேன் கம்பெனியை வருடா வருடம் வந்து பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, ஒரு பங்குகூட வாங்காமல் போகிறவர்.

"உங்க ஃபேன்ல எங்களுக்கு என்னைக்கும் குறை இருந்ததில்லை சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க சொந்தக்காரங்கதான் எங்களுக்குப் பயம். போர்டு உண்மையிலேயே முடியாதுன்னு சொல்லிடுச்சா?"

"சொல்லிடுச்சு" என்றார் பெரியவர்.

"அப்ப நாளைக்கு நான் வரேன் சார். இந்தத் தடவை டீக்கு மட்டும் இல்லை."

தம்பி எழுந்து, தொழிற்சாலையில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். அவர் கையிலும் நிறையப் பங்கு இருந்தது. கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று கணக்குப் பார்க்க அவருக்குத் தனிமை தேவைப்பட்டிருக்கும்.

போன் மறுபடி அடித்தது. மாப்பிள்ளை. செக்ரட்டரி நகரப் பார்த்தாள். பெரியவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மாமா, என்ன இது? வாங்கியாச்சுன்னு ஒரு செய்தி, இல்லைன்னு ஒரு செய்தி" என்றது குரல். மாப்பிள்ளை முறுக்கு அதில் குறையவே இல்லை.

"நான் என்ன பண்ணட்டும்? போர்டு ஒத்துக்கல, மாப்பிள்ளை."

"போர்டுன்னா நீங்கதானே மாமா?"

"நேத்து வரைக்கும்" என்றார் பெரியவர். "இப்ப அதை வெளியிலயும் சொல்லியாச்சு. மார்க்கெட் முழுக்கத் தெரியும். இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது. மாத்தினா எல்லாரையும் உள்ள வச்சிடுவாங்க."

உள்ளே வைப்பார்கள் என்பது கொஞ்சம் மிகை. செக்ரட்டரி திருத்தவில்லை. மாப்பிள்ளை என்னென்னவோ சொல்லிவிட்டு வைத்தார். பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். நாள் முழுக்க மூட்டை சுமந்தவர் இறக்கிவைத்தபின் விடுகிற மூச்சு வந்தது அவருக்கு.

"வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு நினைச்சியாம்மா?"

"ஆமா சார்."

"அனுப்புன்னு நான் சொல்லியிருந்தா, மாமனார்தான் சொன்னார்னு ஆயிருக்கும். என் பொண்ணு அந்த வீட்டுல இருக்கணும்ல? நீயா அனுப்பினா அது சட்டம். எனக்கு அந்தக் கிடங்கு முதல்லேருந்தே பிடிக்கலை. மேசையைச் சுத்திச் சுத்திப் பார்த்தேன், ஒருத்தராவது வாயைத் திறக்கமாட்டாங்களான்னு. ஒருத்தரும் திறக்கலை. வேற வழியில்லாம தட்டினேன்."

இவ்வளவு பெரிய மனுஷன், மாப்பிள்ளைக்கு ஒரு இல்லை சொல்ல முடியாமல் ஒரு சம்பளக்காரியின் தோளில் துப்பாக்கியை வைத்திருக்கிறார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வேலை போகவில்லை என்ற நினைப்பு அதற்கு முந்திக்கொண்டு, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இறங்கியது. கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

"இனிமே தட்டாதீங்க சார். ஒவ்வொருத்தரையா கேளுங்க. நானும் கூட்டம் முடிஞ்ச பிறகுதான் அனுப்புவேன்."

"சரி" என்றார் அவர், நல்ல பிள்ளையாக.

மூன்றாவது முறை போன் அடித்தபோது அவர் எடுக்கத் தயங்கினார். திரையில் மகள் பெயர். அந்த ஒரு அழைப்புக்குத்தான் அவர் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தார் என்பது செக்ரட்டரிக்கு அவர் விரலைப் பார்த்ததும் புரிந்துபோனது.

"சொல்லும்மா."

"அப்பா, மொட்டை மாடிக்கு வந்து பேசுறேன். அவர் கீழ இருக்கார்." குரல் தணிந்திருந்தது. "நீங்க வாங்கிடுவீங்கன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கலைப்பா. வாங்கியிருந்தா அந்தக் காசை எடுத்து இன்னொரு கிடங்குல போட்டிருப்பார். இடமே பார்த்து வச்சிருந்தார். இப்ப கிடங்குக்காக விட்டுட்டு வந்த பழைய வேலைக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டிருக்கார்."

பெரியவர் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்ப்பான்னு சொல்ல எத்தனையோ தடவை போனை எடுத்தேன். அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுமேன்னு வச்சிட்டேன். யாருப்பா இல்லைன்னு சொன்னது?"

"உங்கம்மாவோட நடக்கப் போவாங்களே, பேங்க்ல இருந்தவங்க."

"அவங்களை மட்டும் மாத்திடாதீங்கப்பா" என்றாள் மகள். கீழே யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், சட்டென்று வைத்துவிட்டாள்.

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தார். செக்ரட்டரி திரையைப் பார்ப்பது போல இருந்தாள்.

"அந்த அம்மாவோட பதவிக்காலம் எப்ப முடியுது?" என்றார் திரும்பி.

"அடுத்த மாசம் சார்."

"நீட்டிக்கணுமே. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றாள். "போர்டு ஒத்துக்கணும்."